தென்மேற்கு மூலையில் மேடு

தாடையை இதில் வையுங்கள்.
நெற்றியைப் பட்டையில் ஒட்டுங்கள்.
உள்ளே வட்டம் வட்டமாய் வெளிச்சம் தெரியும்,
நடுப்புள்ளியை மட்டும் பாருங்கள்.
ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன்.
வீட்டில் சோறு போடும்போதும்
ஒருமுறை வாய் தவறி வந்துவிட்டது.

சீட்டில் இப்படி இருந்தது:
கதிரவன், த/பெ பக்கிரிசாமி, கச்சனம்.
வயது இருபத்து மூன்று. தொழில், லேசர் லெவலர் ஓட்டுவது.
இரண்டு வருஷத்தில் மூன்று கண்ணாடி மாற்றியாயிற்று.
"கம்பத்துல பச்ச லைட்டு ஒண்ணுதான் எரியுது,
எனக்கு அது வால் மொளச்சித் தெரியுதுக்கா."
நிலாவுக்கும் வால் இருக்கிறதாம்.

நான் அனுப்பும் வளையங்களைக்
கருவிழி எனக்கே திருப்பிக் காட்டும்.
நல்ல கண் என்றால்
குறுக்கே அரிந்த வெங்காயம் மாதிரி இருக்கும்.
இவன் வெங்காயம் கீழ்ப்பக்கம் நசுங்கியிருந்தது.

சிமிட்டுங்க. திறங்க. அப்படியே.
கண்ணீர் காய்வதற்குள் எடுத்துவிட வேண்டும்,
பத்து விநாடி போனால் வளையம் கிழிந்து
கருவியும் பொய் சொல்லத் தொடங்கும்.

திரையில் வலது கண் விழுந்தது.
நீலம் தட்டை, பச்சை பரவாயில்லை,
கீழே ஓரமாய் ஒரு சிவப்புத் திட்டு.
நாற்பத்து மூன்று இருக்க வேண்டிய இடத்தில்
ஐம்பத்து நான்கு.
யாருக்கும் இதை விளக்க எனக்குக் கால்மணி நேரம் ஆகும்.
அவன் எட்டிப் பார்த்தான்.
"தென்மேற்கு மூலைல மேடு."
அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் மேடென்று ஒன்றுமில்லை.
முள்ளியாற்றுக் கரையில் ஏறினால்தான்
உயரம் என்ற சொல்லே கால்களுக்கு நினைவு வரும்.
ஆனால் கடைமடையில் நாலு விரல் போதும்,
வந்த தண்ணீர் திரும்பிப் போய்விடும்.
அந்த நாலு விரலுக்குத்தான்
மணிக்கணக்கில் கூலி வாங்கி வண்டி ஓட்டுகிறான்.
நான் பார்க்கும் மேடோ மயிரிழைக்கும் கீழே.

"வெட்டிப் பள்ளத்துல தள்ள முடியாதாக்கா?"
முடியாது தம்பி,
மேடு இருக்கிற இடத்தில்தான் மண் மெலிசு.
அவனுக்கு இது பிடிக்கவில்லை.
மேடென்றால் மண் அதிகம்,
அவன் பிழைப்பே அந்தக் கணக்கு.
"அதெப்படி?" என்று கண்ணைக் கசக்கப் போனான்.
கையைத் தட்டிவிட்டேன்.
புழுதிக்குக் கசக்கிக் கசக்கியே
இது வளர்ந்திருக்கலாம். சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை தஞ்சாவூரிலிருந்து டாக்டர் வருவார்.
மேலும் வளராமல் இறுக்க ஒரு சிகிச்சை உண்டு,
அதன் விலையை அவரே சொல்லட்டும்.
என்னிடம் இருப்பது கெட்டி லென்ஸ் பெட்டி.

ஒன்றில் மஞ்சள் சாயம் தொட்டுக்
கண்ணில் வைத்து நீல விளக்கைப் போட்டேன்.
லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே
அவன் கண்ணீரே பாய்ந்துகொண்டிருந்தது.
பள்ளமெல்லாம் பச்சை தேங்கி
உச்சி மட்டும் கறுப்பாய்,
நாற்றங்காலில் தண்ணீர் ஏறாத இடம் போல.
எதையும் வெட்டவில்லை.
மேலே ஒழுங்காய் ஒரு மூடி வைத்தால்
அடியிலிருக்கும் கோணலைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

"உறுத்துதா?"
"மண்ணு விழுந்தாப்புல இருக்கு."
பழகிவிடும் என்றேன்.
எழுத்து அட்டையைக் காட்டுவதற்குள்
ஜன்னலுக்குப் போய்விட்டான்.
எதிரே உரக்கடை.
இடது கண்ணைப் பொத்திக்கொண்டு
பலகையில் கடையின் பெயர்,
கீழே போன் நம்பர்,
அதற்கும் கீழே பொடி எழுத்து,
எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தான்:
"பழைய பாக்கி உள்ளவர்கள்
புதுக் கடன் கேட்க வேண்டாம்."

சிரித்தான்.
அப்புறம் மெதுவாக,
"இந்த லென்ஸு எவ்வளவுக்கா?"

வெளியே பதினொரு பேர்.
தாடைப் பட்டையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டே
இடது கண்ணுக்கு உட்காரச் சொன்னேன்.